அடி அண்ணாமலையும் சில பழைய படங்களும்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு. கலந்து கட்டி அடிக்கப் போறேன், பொறுத்துக்கோங்க.

திருவண்ணாமலைன்னு போட்டு நெட்ல படம் தேடிப் பாருங்க. முதல்ல ராஜகோபுரம் வரும். அடுத்து மலை மேல நின்னு எடுத்த கோயில். அப்புறம் கார்த்திகை தீபம், ரமணர். அதுக்கப்புறம் வேற கோணத்துல மறுபடியும் ராஜகோபுரம் :-) 217 அடி உயரம், பதினோரு நிலை. கேமரா வச்சிருக்கிறவன் எடுக்காம என்ன பண்ணுவான்? தப்பே இல்ல.

ஆனா ஊர்னா கோபுரம் மட்டும் தானா? பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கு. மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில பாதிக்கு மேல நடந்தப்புறம் வர்ற சின்ன ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்க தான். பிரம்மா பிரதிஷ்டை பண்ணின லிங்கம்னு தலபுராணம் சொல்லும். மாணிக்கவாசகர் இங்க தான் திருவெம்பாவை பாடினார்னு சொல்லி அவருக்கும் பக்கத்துல ஒரு சின்னக் கோயில் உண்டு. கிரிவலம் வர்றவங்க ஒரு கும்பிடு போட்டு, ஒரு டீ குடிச்சிட்டு நடையைக் கட்டிடுவாங்க.

எங்க பாட்டி வீடு இந்த ஊர்ல தான் இருந்தது. "இருந்தது"ங்கிறதைக் கவனிக்கணும். தெருவைப் பார்த்த ரெண்டு திண்ணை, நடுவுல முற்றம், சுண்ணாம்புச் சுவர், பனை உத்தரம், மேல ஓடு. வாசல் நிலைக்கு ரெண்டு பக்கமும் விளக்கு மாடம். அந்த மாடத்துக்கு மேல சுவர் முழுக்க எண்ணெய்ப் புகைக் கரி. திண்ணையில உட்கார்ந்தா நேர் எதிர்ல மலை. 2011ல இடிச்சாச்சு. இப்ப அங்க நாலு மாடியில லாட்ஜ் நிக்குது. விடுங்க, பங்கு பிரிக்கும்போது நடக்கிற வழக்கமான கதை தான்.

போன பொங்கலுக்குப் போனப்போ அந்த வீட்டுப் படம் எங்கேயாவது இருக்கான்னு சொந்தக்காரங்க வீட்டு ஆல்பத்தை எல்லாம் குடைஞ்சேன். மொத்தம் மூணு தேறிச்சு. ஒண்ணு அத்தை கல்யாணத்துல எடுத்தது, மாலையோட நிக்கிற மாப்பிள்ளைக்குப் பின்னாடி பாதித் திண்ணை தெரியுது. இன்னொண்ணு எனக்கு மொட்டை போட்ட அன்னிக்கு எடுத்தது, அதுல நிலைப்படியும் ஒரு விளக்கு மாடமும் மாட்டியிருக்கு. மூணாவதுல சித்தப்பா புது டிவிஎஸ் ஐம்பது மேல உட்கார்ந்து போஸ் குடுக்கிறார், தலைக்கு மேல ஓட்டு விளிம்பு. வீட்டை வீடுன்னு நினைச்சு யாரும் ஒரு படம் கூட எடுக்கல. ஆட்களை எடுத்தாங்க, பின்னணியில வீடு தானா வந்து விழுந்துடுச்சு. அவ்வளவு தான்.

யோசிச்சுப் பார்த்தா ஊருக்கும் இதே கதை தான். ரமணர் 1896ல ரயில் ஏறி திருவண்ணாமலைக்கு வந்தார். பின்னாடி அவரைத் தேடி உலகமே வந்தது, கூடவே கேமராவும் வந்தது. 1949ல அமெரிக்காவோட லைஃப் பத்திரிகைக்காக எலியட் எலிசோஃபன் வந்து எடுத்தார். 1950 ஏப்ரல்ல, ரமணரோட கடைசி நாட்கள்ல, பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இங்க இருந்தார். உலகப் புகைப்படக்காரர்கள்ல முதல் வரிசை ஆள். ஏப்ரல் 14 ராத்திரி 8.47க்கு வானத்துல ஒரு ஒளி நகர்ந்து போனதைப் பார்த்ததாச் சொன்னவர் அவர் தான். இவங்களுக்கு வேண்டியது அந்த மனிதர். ஆசிரமத்துக் கூரையும் தூணும் சுவரும் பின்னணியில மாட்டினது நம்ம அதிர்ஷ்டம். எங்க சித்தப்பா டிவிஎஸ் படம் மாதிரியே தான் :-)

கட்டடத்தைக் கட்டடமாப் பார்த்தவங்க இல்லாம இல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள்ல இருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படம் பிடிச்சு லட்சத்துக்கும் மேல சேர்த்து வச்சிருக்கு. திருவண்ணாமலைக்குன்னே ஐந்து தொகுதி புத்தகம் வெளியாச்சு, அதுல ஒரு தொகுதி ஊரைப் பத்தினது. நம்ம ஊரை இவ்வளவு பொறுமையா யாரோ உட்கார்ந்து அளந்திருக்காங்கன்னு நினைச்சா சந்தோஷமா இருக்கு. ஆனா அதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க வேலை. கிரிவலப் பாதை ஓரத்துத் திண்ணை வீட்டையும், கல் மண்டபத்துல ஒட்டிக்கிட்டு இருந்த கடையையும் ஒண்ணு விடாம எடுக்க அவங்களால முடியுமா?

சரி, போட்டோவே இல்லாத காலத்துல கட்டடத்தையும் கட்டினவனையும் எப்படி ஞாபகம் வச்சிருந்தாங்க? ரெண்டு உதாரணம் சொல்றேன்.

முதலாவது நம்ம ஊர்லயே. பெரிய கோயில்ல வல்லாள கோபுரம்னு ஒண்ணு உண்டு. ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளன் பேர்ல நிக்கிறது. டெல்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடின பிறகு அவன் திருவண்ணாமலையைத் தலைநகரா வச்சிக்கிட்டான். 1340கள்ல மதுரை சுல்தானோட நடந்த போர்ல பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலுக்குள்ள வைக்கோல் அடைச்சு மதுரைக் கோட்டைச் சுவர்ல தொங்கவிட்டிருந்தாங்கன்னு இபன் பதூதா எழுதி வச்சிருக்கார். எவ்வளவு கொடூரமான முடிவு பாருங்க.

ஊர் அவனை எப்படி ஞாபகம் வச்சிருக்கு தெரியுமா? பிள்ளை இல்லாத ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார்னு கதை. அதனால வருஷா வருஷம் மாசி மகத்தன்னிக்கு சாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தங்கரைக்குப் போய் வல்லாளனுக்குத் திதி குடுப்பார். சாமி மனுஷனுக்குத் திதி குடுக்கிற ஊர் எங்க ஊர்! கிட்டத்தட்ட எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் பேர் இப்பவும் ஊர் ஜனங்களுக்குத் தெரியுதுன்னா காரணம் அந்தத் திதி தான், பாடப் புத்தகம் இல்ல.

ரெண்டாவது உதாரணத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கும்பகோணம் பக்கம் போகணும். திருக்கோடிக்காவல்னு ஒரு ஊர். பத்தாம் நூற்றாண்டுல கண்டராதித்த சோழனோட மனைவி செம்பியன் மாதேவி அந்தக் கோயிலை இடிச்சுப் புதுசா கல்லுல கட்டினாங்க. பழைய கற்கள்ல இருபதுக்கும் மேல கல்வெட்டு இருந்தது. யாரு நிலம் குடுத்தா, யாரு விளக்குக்குப் பொன் குடுத்தாங்கிற கணக்கு. இப்போ மாதிரி புல்டோசர் விட்டுட்டுப் போகல. எல்லாத்தையும் அப்படியே படி எடுத்துப் புதுச் சுவர்ல வெட்டி வச்சாங்க. வெட்டினதோட விடல, "இது பழங்கற்படி"ன்னு குறிப்பும் போட்டாங்க. அதாவது, இது ஒரிஜினல் இல்ல, பழைய கல்லுல இருந்து எடுத்த நகல்னு நேர்மையா எழுதி வச்சாங்க.

நாங்க பொட்டி தட்டுற இடத்துல சர்வரை மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்காதவனை உதைப்பாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா கோயிலை மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து, எது நகல்னு லேபிளும் ஒட்டியிருக்காங்க. எனக்கு இதைப் படிச்சப்போ ஆடிப் போச்சு. பழசை இடிக்கவே கூடாதுன்னு அவங்க சொல்லல. இடிச்சுக் கட்டினவங்க தான் அவங்களும். ஆனா அதுக்கு முன்னாடி படி எடுத்தாங்க.

ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, பழசைக் காப்பாத்தணும்னு பேச்சு வந்தாலே நாம ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சிடறோம். 2002ல இந்தியத் தொல்லியல் துறை பெரிய கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சது. ஊரே எதிர்த்தது. பூஜை, திருவிழா, தீபம்னு உயிரோட இருக்கிற கோயிலை மியூசியம் ஆக்கிடுவாங்களோன்னு பயம். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், கடைசியில கோயில் அறநிலையத் துறைகிட்டயே திரும்பி வந்தது. அந்த பயம் நியாயமானது தான்னு எனக்கும் படுது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. வடக்கு கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம்னு பேர். வீடு வீடாப் போய்க் காசு சேர்த்து அதைக் கட்டி முடிச்ச பெண் துறவி அம்மணி அம்மாள் பேர் தான் அது. ராஜாக்கள் கட்டின கோபுரங்களுக்கு நடுவுல ஒரு சாதாரணப் பொம்பளை பேர்ல கம்பீரமா நிக்குது. அந்தக் கோபுரம் பக்கத்துல அவங்க பேர்ல ஒரு மடம் இருந்தது. 2023 மார்ச்ல அங்க ஆக்கிரமிப்பை அகற்றும்போது பழைய மடத்துக் கட்டடமும் இடிபட்டு, பெரிய சர்ச்சை ஆச்சு. ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டியது தான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. பழைய கட்டடத்தைத் தொடறதுக்கு முன்னாடி அளந்து, படம் எடுத்து, எழுதி வைக்கணும்ங்கிறது மட்டும் ஏன் யாருக்கும் முதல் வேலையாத் தோண மாட்டேங்குது?

தமிழ்நாட்டுக்குப் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது 2012ல. ஆணையம் அமைஞ்சது 2024ல. நடுவுல பன்னிரண்டு வருஷம். எங்க பாட்டி வீடு சட்டத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. சரி, இருந்திருந்தாலும் எந்த ஆணையம் வந்து ஒரு திண்ணை வீட்டைக் காப்பாத்தும்? ராஜகோபுரத்தைப் பார்த்துக்க ஆயிரம் பேர் உண்டு. திண்ணையைப் பார்த்துக்க நாம தான் உண்டு.

1989ல திருவண்ணாமலை தனி மாவட்டத் தலைநகர் ஆனதுல இருந்தே நிலத்துக்கு மவுசு ஏறிடுச்சு. 90கள்ல பௌர்ணமி கிரிவலம் பெருங்கூட்டமா மாறிச்சு. ரஜினி தன் செலவுல பாதைக்கு விளக்கு போட்டுக் குடுத்ததை எங்கப்பா இப்பவும் பெருமையாச் சொல்வார். இப்போ ஆந்திரா, தெலங்கானாவில இருந்து பஸ் பஸ்ஸா வர்றாங்க. வர்றவங்களுக்குத் தங்க இடம் வேணும், சாப்பாடு வேணும். அதனால ஊர்க்காரன் வயிறும் நிறையுது. குறை சொல்ல நான் யாரு? மாசம் ஒருக்கா ஊருக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறுறவன் நான். ஒழுகற ஓட்டைக் காலத்துக்கும் மாத்திக்கிட்டே இருன்னு அங்க குடியிருக்கிறவங்களுக்கு உபதேசம் பண்ண எனக்கு வாய் வராது.

ஆனா படி எடுக்கச் சொல்லலாம் இல்லையா? அதுக்குத் தான் கீழே இருக்கிற பட்டியல். போன பொங்கல்ல நான் அடி அண்ணாமலையில மீதி இருக்கிற பழைய வீடுகளை எடுத்தப்போ கத்துக்கிட்டது:

1. வீட்டு முகப்பை மட்டும் எடுத்து நிறுத்தாதீங்க. தெருவோட சேர்த்து ஒண்ணு, எதிர் வரிசையில இருந்து ஒண்ணு. பின்னாடி மலை தெரியற மாதிரி எடுத்தா, நாளைக்கு வீடே போனாலும் எந்த இடம்னு கண்டுபிடிச்சிடலாம்.

2. உள்ளே விட்டாங்கன்னா மேலே பாருங்க. உத்தரம், ஓட்டுச் சட்டம், முற்றத்து மூலை. கழட்டி வச்ச சீமை ஓடு கிடைச்சா திருப்பிப் பாருங்க, கம்பெனி பேர் அச்சாகியிருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது 1865ல. ஓட்டுல இருக்கிற பேரை வச்சே கூரை போட்ட காலத்தைக் குத்துமதிப்பாச் சொல்லலாம். அப்புறமா மாத்தின ஓடாவும் இருக்கலாம், அதையும் கேட்டுக்கோங்க.

3. வீட்டுப் பெரியவங்களைப் பேச விட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. எந்தத் திண்ணையில யார் படுப்பாங்க, கிரிவலம் வர்றவங்களுக்கு எங்க மோர் குடுத்தாங்க. கல்லும் மரமும் இதைச் சொல்லாது. நான் போனப்போ ஒரு ஆயா, "இதைப் போயி எதுக்கு எடுக்கற, தீபத்துக்கு வா, நல்லா இருக்கும்"னாங்க. அப்புறம் அவங்களே ஒரு மணி நேரம் பேசினாங்க :-)

4. பழைய ஆல்பம் இருந்தா படத்தோட பின்பக்கத்தையும் எடுங்க. ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சில்ல எழுதின பேர் எல்லாம் அங்க தான் இருக்கும்.

5. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா அது சுருங்கும், எடுத்த தேதி, இடம் எல்லாம் அழிஞ்சிடும். டாக்குமெண்டா அனுப்புங்க. ஃபைல் பேர்லயே ஊர், தெரு, தேதி போட்டுடுங்க. ரெண்டு வேற வேற இடத்துல வையுங்க.

6. ஏற்கெனவே இடிச்சுட்ட வீட்டை ஞாபகத்துல இருந்து வரைஞ்சீங்கன்னா, ஞாபகத்துல இருந்து வரைஞ்சதுன்னு அதுலயே எழுதிடுங்க. செம்பியன் மாதேவி மாதிரி நாமளும் நேர்மையா இருப்போம்.

இதெல்லாம் அடி அண்ணாமலைக்கு மட்டும் இல்ல. உங்க ஊர் ரைஸ் மில், பழைய டூரிங் டாக்கீஸ் இருந்த இடம், நீங்க படிச்ச ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம்னு எதை வேணா எடுக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ கோபுரத்தை ஒரு படம் குறைச்சுக்கிட்டு, அந்த ஒரு படத்தைப் பக்கத்துத் தெருவுக்குக் குடுங்க.

டிஸ்கி: பாட்டி வீட்டுத் தரைப்படத்தை அத்தையும் சித்தப்பாவும் நானுமா உட்கார்ந்து வரைஞ்சு முடிச்சிட்டோம். கிணறு சமையல்கட்டுக்கு வலது பக்கமா இடது பக்கமாங்கிற சண்டை மட்டும் இன்னும் ஓயல. படத்துல ரெண்டு பக்கமும் கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.