கலோரிக் கட்டுப்பாடு

கலோரிக் கட்டுப்பாடு என்பது புரதம், உயிர்ச்சத்து, கனிமம் முதலியவற்றில் குறைபாடு நேராமல், உணவிலிருந்து பெறும் ஆற்றலின் அளவை மட்டும் நீண்ட காலத்துக்குக் குறைப்பதாகும். இதுவும் பட்டினியும் ஒன்றல்ல. மூப்படைதலைத் தாமதப்படுத்த முடியுமா என்பதை அறிய, விலங்குகளில் மிக நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டுவரும் முறைகளுள் இது முதன்மையானது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைவ் மெக்கே குழுவினர், குறைந்த உணவளித்து வளர்ச்சியைத் தாமதப்படுத்திய எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 1935இல் வெளியிட்டனர். ஆண் எலிகளில் தெளிவாகத் தெரிந்த இவ்விளைவு பெண் எலிகளில் அவ்வாறு தெரியவில்லை. இச்செய்தி பெரும்பாலும் விடுபட்டே மேற்கோள் காட்டப்படுகிறது. பின்னர் 2010இல், பல மரபு வகைச் சுண்டெலிகளில் 40% உணவைக் குறைத்துப் பார்த்தபோது, ஆயுள் நீண்ட வகைகளைவிடக் குறைந்த வகைகளே மிகுதியாக இருந்தன.

குரங்குகளில் ஆய்வு

மனிதருக்கு நெருங்கிய ரீசஸ் குரங்குகளில் இரு நீண்ட ஆய்வுகள் நடைபெற்றன. ஒன்றை அமெரிக்கத் தேசிய முதுமையியல் நிறுவனம் 1987இலும், மற்றொன்றை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1989இலும் தொடங்கின. முதுமை தொடர்பான இறப்பு குறைந்ததாக விஸ்கான்சின் குழு 2009இல் அறிவித்தது. ஆனால், ஆயுளில் வேறுபாடு இல்லை என்று முதுமையியல் நிறுவனம் 2012இல் அறிவித்தது.

இம்முரண்பாட்டின் காரணம் உணவுத் தட்டிலேயே இருந்தது எனலாம். விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த குரங்குகள் விரும்பிய அளவு உண்டன. அவ்வுணவில் ஏறத்தாழ 28% சர்க்கரை. மற்ற ஆய்விலோ சர்க்கரை சுமார் 4% மட்டுமே. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அளந்தே உணவு தரப்பட்டது. அதாவது, அங்கு இரு குழுக்களுமே ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்தன. இரு குழுவினரும் இணைந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, உணவு, வயது ஆகிய வேறுபாடுகளைச் சுட்டி, கட்டுப்பாட்டால் உடல்நலம் மேம்படுகிறது என்று முடிவு செய்தது. எனினும், குறைவாக உண்பது ஆயுளைக் கூட்டுகிறதா, மிகையாக உண்பது ஆயுளைக் குறைக்கிறதா என்னும் ஐயம் இதனால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

செயற்படும் விதம்

ஆற்றல் குறையும்போது உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் இன்சுலின் சார்ந்த சைகைகளும் எம்டார் என்னும் புரதத்தின் செயற்பாடும் தணிகின்றன. பழுதடைந்த உட்கூறுகளை உயிரணு தானே சிதைத்து மீளப் பயன்படுத்துவது கூடுகிறது. எம்டாரைத் தடுக்கும் ராப்பாமைசின் என்னும் மருந்து, முதிய சுண்டெலிகளின் ஆயுளையும் நீட்டித்தது 2009இல் கண்டறியப்பட்டது.

மனிதர்களில்

உடற்பருமன் இல்லாத 218 பேரிடம் அமெரிக்காவில் ஈராண்டுக் காலம் 'கேலரி' என்னும் சோதனை நடத்தப்பட்டது. 25% குறைப்பு இலக்காக இருந்தும், பங்கேற்றோரால் சராசரியாக 12% அளவே குறைக்க முடிந்தது. இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைந்தன. டி.என்.ஏ.வில் ஏற்படும் வேதி மாற்றங்களைக் கொண்டு மூப்பின் வேகத்தை மதிப்பிடும் ஓர் அளவீடு 2 முதல் 3% வரை மெதுவானதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வில் பயன்படுத்திய வேறு இரு அளவீடுகளில் மாற்றமில்லை. ஈராண்டுச் சோதனையைக் கொண்டு ஆயுளை அளக்க இயலாது என்பதையும் இங்கு கருத வேண்டும். மேலும், உணவைக் குறைத்தோரின் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் எலும்பு அடர்த்தி குறைந்தது.