அடிவாரத்திலிருந்து 1992

ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். என் வாசம் இங்கேதான். மலையிலிருந்து இறங்கும் மலையாளிகளைத் தினமும் பார்க்கிறேன். கேரளத்தோடு சம்பந்தமில்லாத பழங்குடியினர். மஞ்சவாடிக் கணவாய்க்கு அப்பால், சித்தேரி மலையின் அடிவாரமான வாச்சாத்தியில் இருப்பவர்களும் இவர்களே. சேர்வராயன் மலையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் துரைமார்களின் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அடிவாரத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1991 செப்டம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், கடற்படை விமானிகளின் டெயில்ஹூக் சங்க மாநாடு ஒரு ஹோட்டலில் நடந்தது. அங்கே 83 பெண்களும் 7 ஆண்களும் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகப் பின்னர் விசாரணை அறிக்கை சொன்னது. ஹெலிகாப்டர் விமானி பவுலா காக்லின் தன் மேலதிகாரியிடம் முறையிட்டுப் பலன் இல்லாமல், 1992 ஜூனில் பகிரங்கமாகப் பேசினார்.

அதே ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாக வாச்சாத்திக்குள் 269 பேர் புகுந்தார்கள். வனத்துறையினர் 155, போலீஸார் 108, வருவாய்த் துறையினர் 6. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஊராரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

அதிகாரியும் குடியானவளும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். காக்லின் அந்தச் சீருடையை அணிந்தவர். வாச்சாத்திப் பெண்கள் அதைக் கண்டு அஞ்சியவர்கள். ஆனால் முறையிடுவதற்கு எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பது அதே சீருடைதான் என்ற நிலை இருவருக்கும் பொது. உடம்புக்கு நேர்ந்தது ஒரு நாளில் முடிகிறது. நம்ப மறுக்கும் ஸ்தாபனம் அதை வருஷக்கணக்கில் நீட்டிக்கிறது.

அமெரிக்கா 1992 நவம்பரில் ஒரு சட்டம் செய்தது. படையில் பாலியல் வன்முறைக்கு ஆளான முன்னாள் வீராங்கனைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனை தர அது வழி செய்தது. ஆனால் டெயில்ஹூக் விவகாரத்தில் ராணுவ நீதிமன்றத்தில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. காக்லின் 1994இல் கடற்படையை விட்டு விலகினார்.

வாச்சாத்தியில் நடந்தது நேர்மாறு. அரசு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைத் தூக்கிச் சுமந்தன. 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் பாலியல் வன்முறைக்காக. மற்ற 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட முப்பத்தொரு வருஷத்தின் இரவுகளுக்கு எந்தச் சட்டமும் மருத்துவமனை வாசலைத் திறக்கவில்லை.

அங்கே அவள் நோயாளி, சாட்சியாக முடியவில்லை. இங்கே அவள் சாட்சி, நோயாளியாக இருக்க அவகாசமில்லை. காயத்தைச் சொல்லக் கற்பு என்ற சொல்லைத் தவிர வேறொன்றை நம் மொழி அவளுக்குக் கொடுக்கவுமில்லை. பதினெட்டுப் பேர் சேர்ந்து நின்றதால்தான் அந்தச் சொல்லை மீறி அவர்களால் நீதிமன்றத்தில் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

அந்த 1992 செப்டம்பரில்தான் இந்திய ராணுவத்தின் முதல் பெண் அதிகாரிகள் பிரிவு சென்னைப் பரங்கிமலையில் பயிற்சிக்குச் சேர்ந்தது. 2013இல், பாலியல் வன்முறை வழக்கில் அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர முன் அனுமதி தேவையில்லை என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்று வர்மா குழு சொல்லியிருந்தது. அதை மட்டும் தொடவில்லை.

1992இல் நான் வன்முறை என்ற சொல்லைக் கவிதைகளில் தாராளமாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன். வாச்சாத்திச் செய்தியைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். அங்கே போக இங்கிருந்து பஸ் இருந்தது.