வியாபாரிகள் சங்கம்: கடையடைப்பைத் தாண்டி என்னதான் செய்யுது?

ஏதாவது பெரிய பிரச்சினை என்றால் 'நாளை கடைகள் அடைப்பு' என்று வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் அறிவிப்பு வரும். பொதுமக்கள் பலருக்கும் சங்கத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கடையடைப்பு வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் சமாச்சாரம். மீதி நாட்களில் சங்கம் என்ன செய்கிறது? சின்னக் கடைக்காரருக்கு அதனால் என்ன லாபம்? பார்க்கலாம்.

வாடகைக்கு 18% வரி: அப்போ என்ன நடந்தது?

சங்கம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள 2024-ல் வந்த ஒரு ஜிஎஸ்டி விதியைப் பார்த்தாலே போதும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவரின் கட்டடத்தில், பதிவு பெற்ற வியாபாரி வாடகைக்குக் கடை நடத்தினால், வாடகைக்கான 18% ஜிஎஸ்டியை அந்த வியாபாரியே கட்ட வேண்டும் என்ற விதி அந்த ஆண்டு அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

வழக்கமான முறையில் வரி கட்டும் கடைகளுக்கு இது பெரிய சுமை இல்லை. கட்டிய தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டது காம்போசிஷன் திட்டத்தில் இருந்த சின்ன வியாபாரிகள்தான். ஆண்டுக்கு ஒன்றரை கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள கடைகள் இந்தத் திட்டத்தில் சேரலாம். விற்பனையில் 1% கட்டினால் போதும். ஆனால் எந்த வரியையும் கழிக்க முடியாது. அதாவது மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றால், கூடுதலாக 3,600 ரூபாய். வருஷத்துக்கு 43,200 ரூபாய் கைக்காசு.

ஒரு மளிகைக் கடைக்காரர் தனி ஆளாக இதை யாரிடம் போய்ச் சொல்வார்? கடையை விட்டுட்டு அரை நாள் அலையக்கூட அவரால் முடியாது. தமிழ்நாட்டில் வணிகர் அமைப்புகள் இதைக் கையில் எடுத்து ஆர்ப்பாட்டம் நடத்தின. டிசம்பர் 21-ம் தேதி ஜெய்சால்மரில் கூடிய 55-வது ஜிஎஸ்டி கவுன்சில், காம்போசிஷன் வியாபாரிகளுக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16 முதல் அது அமலுக்கு வந்தது. இதற்கு முழுக் காரணம் தமிழக வணிகர்கள்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடைத்தெருவில் எழுந்த ஒரு புகார் டெல்லி வரை போக இப்படி ஒரு பாதை வேண்டும்.

அந்தப் பாதை எப்படி அமைகிறது?

குறைந்தது 7 பேர் இருந்தால் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஒரு தெரு, ஒரு பஜார், ஒரு ஊர் என்று எந்த அளவிலும் இருக்கலாம். இப்படிப்பட்ட உள்ளூர் சங்கங்கள் சேர்ந்ததுதான் மாநில அமைப்புகள். விக்கிரமராஜா தலைமையிலான பேரமைப்பும், மறைந்த வெள்ளையன் வழிநடத்திய பேரவையும் அவற்றில் முக்கியமானவை. மே 5-ம் தேதி வணிகர் தின மாநாடு நடக்கும். அன்று உங்க ஏரியா மளிகைக் கடை பூட்டியிருந்தால் காரணம் இதுதான்.

யாரும் பேசாத வேலை

சங்கத்தின் அன்றாட வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் காகித வேலைதான். தராசுக்கு முத்திரை போடணும், உணவுப் பொருள் விற்றால் அதற்குத் தனிப் பதிவு வேணும், மாநகராட்சி உரிமத்தைப் புதுப்பிக்கணும். ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதற்குப் பதில், அதிகாரிகளைக் கடைத்தெருவுக்கே வரவழைத்து முகாம் நடத்தும் சங்கங்கள் உண்டு. பெரிய கடைகளுக்கு இதையெல்லாம் கவனிக்கத் தனி ஆள் இருக்கும். சின்னக் கடைக்கு சங்கச் செயலாளர்தான் அந்த ஆள்.

இதில் கவனிக்க வேண்டியது வணிகர் நல வாரியம். 1989-ல் உருவாக்கப்பட்டது. நிரந்தர உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகை 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2025 மே 5 மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஆனால் கடைக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்திருந்தால்தான் பணம் வரும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. சந்தா வசூலிக்க வரும் சங்கத்துக்காரர், கையோடு இந்த விண்ணப்பத்தையும் நிரப்பி வாங்கிப் போனாலே அது பெரிய காரியம்.

ஊருக்கு என்ன?

சென்னையில் 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருத்தெருவாக சிசிடிவி கேமராக்கள் வைக்கப்பட்டபோது, வியாபாரிகளும் குடியிருப்போரும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். கடை வாசலில் உள்ள கேமரா சாலையைப் பார்த்தால், செயின் பறிப்பு வழக்கில் போலீஸுக்கும் உதவும், தெருவில் நடப்பவருக்கும் பாதுகாப்பு. கோடையில் நீர்மோர் பந்தல், வெள்ளம் வந்தால் அரிசி, பருப்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

கடையடைப்பை வெறும் தொந்தரவாகப் பார்ப்பவர்கள் 2020 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கைது செய்யப்பட்டனர். இருவரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அப்போது ஊர் ஊராகக் கடைகள் அடைக்கப்பட்டன. வழக்கு சிபிஐக்குப் போனது. அந்தக் கோபம் வெளியே தெரிய அந்தப் பூட்டிய கடைகளும் ஒரு காரணம்.

யாரெல்லாம் வெளியே?

சங்கம் முதலாளிகளுடையது. கடையில் வேலை பார்ப்பவருக்கு அதில் இடம் இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற உரிமை, 2021-ல் அரசு சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வந்தது. தரைக்கடைக்காரர்களோடும் உரசல் உண்டு. 'வாடகை, வரி எல்லாம் நாங்க கட்டுறோம், வாசலை அவங்க அடைச்சிக்கிறாங்க' என்பது கடைக்காரர் தரப்பு. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40% பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். வணிகர் சங்கப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு.

புதிதாகக் கடை திறப்பவர் சங்கத்தில் சேரும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவு எண் இருக்கா? சந்தாவுக்கு ரசீது தர்றாங்களா? வருஷா வருஷம் பொதுக்குழுவில் கணக்கு வைக்கிறாங்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுத்தால், சந்தா கொடுக்கும் முன் பக்கத்துக் கடையில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.