தலைவர் வீடும் தரை ரேட்டும்

கரையான்சாவடியில் வீடு தேடுறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி: பெரிய அரசியல்வாதி பக்கத்துல குடியிருந்தா ரேட் ஏறுமா? இதுக்கு நம்ம மவுண்ட்-பூந்தமல்லி சாலையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கு.

போரூரைத் தாண்டி கிண்டி பக்கம் போனால் ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ஆர். வீடு. 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டது இங்கேதான். 1977-ல் முதல்வரானார், 1987 டிசம்பர் 24-ல் இந்த வீட்டிலேயே இறந்தார்.

அப்போ ஏரியா ஒரே நாளில் மாறிடுச்சா? இல்லைங்க. ராமாபுரம் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்ததே 2011-ல்தான். அவர் இறந்து 24 வருஷம் கழிச்சு! அதுக்கு முன்னாடியே அங்கே வாடகையை ஏத்தினது மணப்பாக்கம் பக்கம் வந்த ஐ.டி. வளாகங்களும், அங்கே வேலைக்கு வந்த நம்மள மாதிரி ஆட்களும்தான்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கினப்போ தோட்டத்துக்குள்ளயும் தண்ணி புகுந்தது. வெள்ளம் விலாசம் பார்க்காது.

அந்த இடம் இன்னைக்கும் விற்பனைக்கு வரலை. எம்.ஜி.ஆரின் உயில்படி, காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளி அங்கே நடக்குது.

கரையான்சாவடிக்கு இதுல பாடம் இருக்கு. கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தில் நம்ம ஊருக்கும் ஒரு ஸ்டேஷன். ரேட்டைத் தீர்மானிக்கிறது அந்த மாதிரி விஷயம்தான். தலைவர் பெயரைச் சொல்லி யாராவது சதுர அடிக்குக் கூடுதலா கேட்டா, வழிகாட்டி மதிப்பு என்ன, மழையில் தண்ணி எங்கே நிக்கும்னு திருப்பிக் கேளுங்க. முப்பது வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போறது நீங்கதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.