அடிமை என்று பெயர் வைத்த மோட்டார்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் உடுப்புத் தைக்கக் கொடுக்கிற கடையில் முந்தியெல்லாம் கிளச் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும். பெடலை மிதிக்காவிட்டாலும் சுத்தும், கரண்டும் போகும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபிறகு கடைக்கார அண்ணன் சர்வோ மோட்டாருக்கு மாறினார். இது மிதித்தால்தான் ஓடும்.

பூட்டும்போது நாங்களும் பக்கத்தில் நின்றோம். மோட்டார் வயரோடு, கைச்சக்கரத்தில் பொருத்திய சென்சாரின் வயரையும் கொன்ட்ரோல் பொக்ஸில் சொருகினார். பிறகு சுழலும் திசை, உச்ச வேகம், நிறுத்தினால் ஊசி மேலேயா கீழேயா என்று ஒவ்வொன்றாக செட் பண்ணினார். சென்சார் இல்லாவிட்டால்? “ஊசி எங்க நிக்குதெண்டு அதுக்குத் தெரியாது.”

இந்தப் பெயருக்கு 150 வயது தாண்டிவிட்டது. கப்பல் சுக்கானை நீராவியால் திருப்பிய பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோசப் ஃபார்கோ, 1873இல் வெளியிட்ட நூலுக்கே ‘சர்வோ மோட்டார்’ என்று தலைப்பிட்டார். லத்தீனில் ‘சேர்வுஸ்’ என்றால் அடிமை. ஆனால் இந்த அடிமை சொன்னதைச் செய்வதோடு நிற்காது. தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். பிழையென்றால் பொக்ஸ் திருத்தும்.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அங்கே தைக்கிறவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து இளம் பெண்கள். டார்கெட் மேலிருந்து வரும். 2011 மே மாதம் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது பொலிஸ் சுட்டது. ஓர் இளம் தொழிலாளி இறந்தார். அதன்பிறகுதான் சட்டமூலம் கைவிடப்பட்டது.

மோட்டாருக்குச் சொருகின அந்த ரெண்டாவது வயர், மனிசருக்கு இன்னும் சொருகப்படேல்ல.