மந்தணம்: ஒரு ரப்பர் ஸ்டாம்பின் கதை

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக நானும் என் நண்பனும் ஓர் அரசு அலுவலகத்தில் காத்துக் கிடந்தோம். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அடுத்த சான்றிதழுக்கும் அங்கேதான் போயாக வேண்டும்!) எதிரே இருந்த மேசையில் அரக்கு வைத்து ஒட்டிய பழுப்பு உறை ஒன்று. அதன் மேல் சிவப்பு மையில் 'மந்தணம்' என்று ஒரு முத்திரை.

"மந்தணம்னா என்னடா?"

"வேலை மந்தமா நடக்கும்னு அர்த்தம்."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் மண்டையைக் குடைந்தது. தேடிப் பார்த்தால், 'கான்ஃபிடென்ஷியல்' என்பதற்கு நம் ஆட்சித்தமிழில் வைத்திருக்கும் சொல்தான் மந்தணம். நல்ல சொல்தான். ஆனால் அந்த முத்திரையை யார் குத்தலாம், எதற்குக் குத்தலாம், குத்தியதை எப்போது எடுக்க வேண்டும்? இதைத் தேடப் போய்த்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

பி.காம். படிக்கிறவனுக்கு உடனே ஞாபகம் வருவது செக்தான். ஒரு செக்கின் மூலையில் குறுக்கே இரண்டு கோடு போட்டால் அதன் தன்மையே மாறிவிடும். கவுண்டரில் காசாக வாங்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகும். அந்த இரண்டு கோட்டுக்கு என்ன பொருள் என்பதை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு பிரிவாகச் சொல்கிறது. சரி, ஒரு காகிதத்தின் மேல் 'ரகசியம்' என்று குத்தினால் அதற்கு எந்தச் சட்டம் பொருள் சொல்கிறது? நேரடியாக எந்தச் சட்டமும் இல்லை என்பதுதான் ஆச்சரியமான பதில்!

வெள்ளைக்காரன் போட்ட பூட்டு

நம்மிடம் இருப்பது அலுவல் ரகசியச் சட்டம். முதலில் வந்தது 1889-இல். அந்த ஆண்டு கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகா' காஷ்மீர் தொடர்பான அரசாங்க ரகசியக் குறிப்பு ஒன்றை வெளியிட, ஆங்கில அரசு ஆடிப்போனது. அதே ஆண்டில் சட்டம் வந்துவிட்டது. 1904-இல் கர்சன் பிரபு அதை இன்னும் இறுக்கினார். ராணுவ விஷயங்களுக்கு இருந்த காப்பு சிவில் நிர்வாக விஷயங்களுக்கும் நீண்டது. கோகலே எதிர்த்தார், பத்திரிகைகள் எதிர்த்தன, பலன் இல்லை. பிறகு 1923-இல் புதிதாக எழுதப்பட்ட சட்டம்தான் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. நூறு வயது தாண்டிவிட்டது!

இந்தச் சட்டத்தில் உளவு பார்த்தால் தண்டனை உண்டு, ரகசியத்தை வெளியே கொடுத்தால் தண்டனை உண்டு. ஆனால் எது ரகசியம் என்ற விளக்கம் மட்டும் இல்லை.

நம்ம பக்கத்துக் கோப்புகள்

இது ஏதோ டெல்லி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இந்த முத்திரை அதிகம் விழுந்த இடங்களில் ஒன்று நம் கரிசல் பூமி.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கப்பல் விட்டார். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். அவர் வீட்டைச் சுற்றி சி.ஐ.டி. ஆட்கள். இவற்றைப் பற்றி போலீசும் கலெக்டர்களும் சென்னைக்கு எழுதியவை எல்லாம் அந்தக் காலத்து மந்தணக் கோப்புகள்தான்.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் 'அண்டர் செக்ரட்டரி சேஃப்' என்று ஒன்று இருந்தது. அதாவது சார்புச் செயலாளரின் இரும்புப் பெட்டி. சாதாரண அலமாரியில் வைக்கக் கூடாத அரசியல் கோப்புகள் அதற்குள் போகும். அந்தக் கோப்பு வரிசைக்கே 'சேஃப் ஃபைல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று அவை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விடுதலைப் போராட்ட வரலாறு எழுதுகிற எவரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசுக்கு எதிராக என்ன வருகிறது என்று பார்த்து, மொழிபெயர்த்து, சுருக்கி, மந்தண அறிக்கையாக அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகை இதழ்கள் பல இன்று கிடைப்பதில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பதை அந்த ரகசிய அறிக்கைகளின் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பூட்டி வைத்தவன் கைதான் நமக்காகப் பாதுகாத்தும் வைத்தது! 2024-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' போன்ற நூல்கள் சாத்தியமாவது இப்படிப்பட்ட கோப்புகள் என்றோ ஒருநாள் திறக்கப்பட்டதால்தான்.

ஆகவே என் பிரச்சினை முத்திரையோடு இல்லை. அது எப்போது கழற்றப்படும் என்பதுதான் கேள்வி.

நான்கு முத்திரைகள்

மத்திய அரசில் இன்று நான்கு படிகள். உள்துறை அமைச்சகத்தின் துறைசார் பாதுகாப்புக் கையேடுதான் இதற்கு அடிப்படை. அது கடையில் கிடைக்கிற புத்தகம் இல்லை. ஆனால் அதே நான்கு படிகளின் விளக்கம் 2014-ஆம் ஆண்டின் தேசியத் தகவல் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளில் வருகிறது. சுருக்கமாக என் மொழியில்:

1. மிக ரகசியம்: வெளியே போனால் நாட்டின் பாதுகாப்புக்கு மிகக் கடுமையான சேதம் வரும்.
2. ரகசியம்: நாட்டுக்குக் கடும் சேதம், அல்லது அரசாங்கத்துக்குக் கடும் சங்கடம் வரும்.
3. மந்தணம்: அந்த அமைப்பின் பாதுகாப்புக்கோ, நலனுக்கோ, வேலைக்கோ பாதிப்பு வரும்.
4. வரையறுக்கப்பட்டது: அலுவலக உபயோகத்துக்கு மட்டும்.

அனுப்புவதற்கும் முறை இருக்கிறது. ரகசியக் காகிதத்துக்கு இரண்டு உறைகள். உள் உறையில் முத்திரையும் அரக்கும், வெளி உறை சாதாரண உறை மாதிரியே இருக்க வேண்டும். வெளியே 'ரகசியம்' என்று எழுதினால் திருடனுக்கு நாமே வழி காட்டுவது போல ஆகிவிடும் அல்லவா?

இப்போது இரண்டாவது படியை மறுபடி படியுங்கள். 'அரசாங்கத்துக்குக் கடும் சங்கடம்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். நாட்டுக்குச் சேதம் என்றால் புரிகிறது. சங்கடம் என்றால்? ஒரு பாலம் கட்டியதில் ஊழல் நடந்திருந்தால் அது வெளியே வருவதும் அரசாங்கத்துக்குச் சங்கடம்தானே!

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர் விதி. 2009 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட 13526-ஆம் எண் ஆணை, சட்டமீறலையோ திறமைக்குறைவையோ மறைப்பதற்காகவும், சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவும் ஒரு காகிதத்தை ரகசியமாக்கக் கூடாது என்கிறது. முத்திரை குத்தியவர் யார், என்ன காரணம், எந்தத் தேதியில் ரகசியம் நீங்கும் என்று காகிதத்தின் மேலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் தனிக் குறி போட வேண்டும். ஒரு பத்தி ரகசியம் என்பதற்காக மற்ற ஒன்பது பத்தியையும் மறைக்கக் கூடாது என்பது அதன் கணக்கு. 25 ஆண்டானால், விதிவிலக்குகள் நீங்கலாக, தானாகவே திறக்கும். அங்கேயும் தேவைக்கு மேல் முத்திரை குத்துகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. ஆனாலும் எதை வைத்து அதிகாரியைக் கேள்வி கேட்பது என்பதற்கு எழுத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரிட்டன் 2014-இல் தன் படிகளை மூன்றாகக் குறைத்துவிட்டது. அவர்களிடமிருந்து வாங்கிய நாம் நான்கையும் வைத்திருக்கிறோம்.

இரண்டு பக்கமும் பார்ப்போம்

ரகசியமே கூடாது என்று சொல்லவில்லை. 1985 ஜனவரியில் பிரதமர் அலுவலகத்திலிருந்தே கோப்புகள் வெளியே போய், நகலெடுக்கப்பட்டு, வெளிநாட்டவருக்கு விற்கப்பட்ட கதை அம்பலமானது. கூமர் நாராயண் வழக்கு என்பார்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலக வேண்டியதாயிற்று. அந்த மாதிரிக் காகிதங்களுக்குப் பூட்டு வேண்டும்தான்.

மறுபக்கம் 2002. டெல்லியில் இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரைப் பிடித்தார்கள். அவர் கணினியில் இருந்த ஒரு கட்டுரை ராணுவ ரகசியம் என்றார்கள். அது பாகிஸ்தானில் ஏற்கெனவே அச்சாகி, யாரும் படிக்கக் கிடைத்த கட்டுரை! ராணுவ உளவுத்துறை முதலில் ஆபத்தானது என்றது, பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்றது. வழக்கைத் திரும்பப் பெறுவதற்குள் அந்த மனிதர் ஏழு மாதம் சிறையில் கழித்துவிட்டார். எது ரகசியம் என்று சட்டத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தேதி இருந்தால், தேதி இல்லாவிட்டால்

இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது, 1962 சீனப் போர்த் தோல்வி பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் 1963-இல் கொடுத்தது. மிக ரகசியம். மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும், 2009-இல் மத்திய தகவல் ஆணையம் மறுத்துவிட்டது. 2014-இல் நெவில் மாக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார். அறுபது ஆண்டு கடந்தும் அரசு அதை வெளியிடவில்லை.

இரண்டாவது நம் மாவட்டத்தது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச்சூடு. 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18 அன்று இறுதி அறிக்கையைக் கொடுத்தது. ஆகஸ்டில் அதன் உள்ளடக்கம் 'ஃபிரண்ட்லைன்' இதழில் கசிந்தது. அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரை செய்திருந்ததை எல்லோரும் படித்தோம். பிறகு என்ன நடவடிக்கை என்பது வேறு கதை, இன்னும் வலிக்கிற கதை. ஆனால் அறிக்கையாவது கைக்கு வந்ததே, எப்படி? விசாரணை ஆணையங்கள் சட்டம், 1952, ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்திருக்கிறது.

ஒன்றுக்குத் தேதி இருந்தது. மற்றொன்றுக்கு இல்லை.

மத்திய அரசுக் கோப்புகளுக்கும் ஒரு விதி இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் பொது ஆவண விதிகள்படி, ரகசியக் கோப்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து முத்திரையைக் குறைக்க வேண்டும். ஆனால் 1993-ஆம் ஆண்டுச் சட்டம், ரகசிய முத்திரை உள்ள எதையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பக் கூடாது என்கிறது. அதாவது ஒருவர் உட்கார்ந்து பார்த்து முத்திரையை எடுக்காவிட்டால் அந்தக் கோப்பு காப்பகத்துக்குப் போகவே போகாது. வேலை அதிகம் உள்ள அலுவலகத்தில் பழைய கோப்பை யார் எடுத்துப் பார்ப்பார்கள்?

சின்ன வெளிச்சங்கள்

தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கொண்டுவந்ததில் முன்னோடி தமிழ்நாடு, 1997-இல். பிறகு 2005-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அதன் 8(2) பிரிவு, பொதுநலன் பெரிது என்றால் அலுவல் ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. 2006-இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 1923 சட்டத்தையே நீக்கச் சொன்னது. மிக ரகசியமும் ரகசியமும் 30 ஆண்டுக்கு மேல் கூடாது, மற்ற இரண்டும் 10 ஆண்டுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. சட்டம் நீங்கவில்லை.

2019-இல் ரஃபேல் விமான பேரம் பற்றிய ரகசியக் காகிதங்களைச் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' வெளியிட்டது. அவை திருட்டுக் காகிதங்கள், நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்றது அரசு. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், பார்க்கலாம் என்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது. அந்த நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியானது உண்மைதான். ஆனாலும் முத்திரை விழுந்துவிட்டதாலேயே நீதிபதி கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பது தீர்ப்பாகவே நிற்கிறது.

ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது இது: வவுச்சரில் தேதி இருக்க வேண்டும், எதற்கு என்று இருக்க வேண்டும், யார் அனுமதித்தது என்ற கையெழுத்து இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆடிட்டர் கேள்வி கேட்பார். ஐம்பது ரூபாய் டீச் செலவுக்கே இவ்வளவு வேண்டும் என்றால், ஒரு நாட்டின் கோப்பை மறைப்பதற்கு வேண்டாமா?

எங்கள் கழுகுமலையில் சமணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பல சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில், இதைச் செய்வித்தவர் இன்னார் என்று பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு தாண்டியும் யார் செய்தது என்று தெரிகிறது. அந்தப் பழுப்பு உறை மேல் இருந்த முத்திரையில் பெயரும் இல்லை, காரணமும் இல்லை, தேதியும் இல்லை. ஒரே ஒரு சொல் மட்டும்.

பின்குறிப்பு: சான்றிதழ் இன்னும் வரவில்லை. நண்பன் சொன்ன பொருளும் தப்பில்லை போலிருக்கிறது!