பீறிடும் வெந்நீர் ஊற்றுகள் சொல்லும் பாடம்

ஆம்பூரைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் பணிபுரிகிறார். சென்ற கோடை விடுமுறையில் மனைவி, மக்களுடன் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்றுவந்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, ஒரு வாரம் சுற்றினார்களாம். அங்கே 'ஓல்டு ஃபெயித்ஃபுல்' என்னும் ஊற்றின் முன்னே கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்தார்கள். முதலில் சிறிது நீர் தளும்பியது. பிறகு கொதிநீரும் ஆவியும் பெருந்தூணாக மேலெழுந்தன. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. உடனே அவருடைய பத்து வயது மகன் இரண்டு கேள்விகள் கேட்டானாம்.

"இது ஏன்ப்பா நின்று நின்று பீறிடுகிறது?"

"இவ்வளவு ஆவியை ஏன் வீணாக விடுகிறார்கள்? குழாய் போட்டு மின்சாரம் எடுக்கலாமே?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதற் கேள்விக்கு 1846-இலேயே ஒருவர் விடை தேடிப் புறப்பட்டார். இரண்டாவதற்குச் சரியான விடை கிடைக்க மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை நம் பாலாற்றங்கரையில் வாழ்வோருக்குப் புதியதன்று என்பதுதான் வியப்பு!

பன்சன் இறக்கிய வெப்பமானி

குளியலறையில் வெந்நீர் தரும் கருவியை நாம் 'கீசர்' என்கிறோம். அது ஐஸ்லாந்து நாட்டுப் பெயர். அங்கே 'கெய்சிர்' என்று ஒரு பீறிடும் ஊற்று உண்டு. அதன் பெயரே உலகிலுள்ள இத்தகைய ஊற்றுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. நம் ஆய்வுக்கூடங்களில் எரியும் பன்சன் விளக்கை அறிவீர்கள். அந்தப் பன்சன் 1846-இல் பிரெஞ்சு நாட்டுக் கனிமவியலார் தெக்ளுவாசோ என்பவருடன் ஐஸ்லாந்து சென்று, கெய்சிர் ஊற்றின் துளைக்குள் வெப்பமானிகளை இறக்கிப் பார்த்தார். ஆழத்தில் நீரின் வெப்பம் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த நீர் கொதிக்கவில்லை!

இதன் காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பிரஷர் குக்கருக்குள் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. ஊற்றின் துளையில் பத்து மீட்டர் ஆழத்திலும் அதே நிலைமைதான். மேலே நிற்கும் நீரின் எடையே குக்கரின் மூடி. அடியிலிருந்து வெப்பம் ஏற ஏற, குமிழிகள் எழுந்து மேல்நீரில் சிறிதைத் தளும்பச் செய்கின்றன. அவ்வளவு போதும். மூடியின் எடை குறைகிறது. கீழே மிகைச் சூட்டில் காத்திருந்த நீர் சட்டென்று ஆவியாகிப் பல நூறு மடங்கு விரிகிறது. மேலே உள்ள நீரை வானத்துக்கு எறிகிறது. துளை மீண்டும் நிறைந்து சூடேறும்வரை ஓய்வு. ஓல்டு ஃபெயித்ஃபுல் ஊற்றுக்கு இந்த ஓய்வு சராசரியாக ஒன்றரை மணி நேரம்.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். இதை ஆம்பூர்க்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது டேனரிகளில் வழக்கம். சுருங்காவிட்டால் தோல் தேறியது. பச்சைத் தோல் 65 டிகிரிக்குள் சுருங்கிவிடும். நன்கு குரோம் பிடித்த தோல் 100 டிகிரியையும் தாங்கும். இதே சோதனையை லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கில் செய்தால் ஏமாந்துபோவோம். ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தில் நீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 90 டிகிரியில் சுருங்கக்கூடிய அரைகுறைத் தோலும் அங்கே தேறிவிடும்! பூகாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அங்கே போகப்போகிறோம்.

சட்டம் வரைந்த கோடு

யெல்லோஸ்டோனுக்கு 1870-இல் வந்த ஒரு பயணக் குழுவே ஓல்டு ஃபெயித்ஃபுல் என்று பெயரிட்டது. 'வாக்குத் தவறாத முதியவர்' என்று நாம் சொல்லலாம். மறு ஆண்டு நிலவியலார் ஹேடன் தலைமையில் அரசின் ஆய்வுக் குழு சென்றது. அக்குழுவில் இருந்த ஜாக்சனின் புகைப்படங்களும் மோரனின் ஓவியங்களும் காணாதவரையும் நம்பவைத்தன. 1872 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் அது உலகின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. உலகிலுள்ள பீறிடும் ஊற்றுகளில் பாதிக்குமேல் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் அந்தச் சட்டம் நிலத்தின் மேற்பரப்பில்தான் எல்லைக்கோடு வரைந்தது. ஊற்றுக்கு நீர் தரும் வெடிப்புகளும் துளைகளும் பூமிக்கடியில் எங்கிருந்து எங்கே ஓடுகின்றன என்பதை எந்த வரைபடமும் காட்டவில்லை. அதை உலகம் நியூசிலாந்தில் கற்றுக்கொண்டது, விலை கொடுத்து!

அடங்கிப்போன பள்ளத்தாக்கு

நியூசிலாந்தின் வைராக்கெயில் 1958-இல் புவிவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சிறுவன் சொன்னபடியே ஆழ்துளைகள் இட்டுக் குழாய் போட்டு மின்சாரம் எடுத்தார்கள். பொறியியலில் அது பெருவெற்றி. ஆனால் அருகே 'கீசர் பள்ளத்தாக்கு' என்று புகழ்பெற்ற ஓர் இடம் இருந்தது. பூமிக்கடியில் அழுத்தம் இறங்க இறங்க அங்குள்ள ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. பன்சன் கண்ட விதியேதான் இங்கும் வேலை செய்தது. நீர்மட்டம் தாழ்ந்தால் துளை நிறைவதில்லை. துளை நிறையாவிட்டால் பீறிடல் இல்லை.

அதே நாட்டில் ரோட்டோருவா நகர மக்கள் வீடுகளுக்கு வெப்பம் ஏற்றத் துளைகள் இட்டிருந்தனர். நகரின் ஊற்றுகள் சோர்ந்தன. 1986-இல் போகுட்டு என்னும் பெரிய ஊற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூட அரசு ஆணையிட்டது. நீர்மட்டம் உயர்ந்தது, ஓய்ந்திருந்த சில ஊற்றுகள் மீண்டன. அமெரிக்காவோ 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பூங்காக்களுக்குள் புவிவெப்பக் குத்தகை தருவதைத் தடுத்தது. 1988-இல் இன்னொரு படி மேலே சென்று, பூங்காவுக்கு வெளியே தோண்டினாலும் உள்ளேயிருக்கும் ஊற்றுகளுக்குப் பெருந்தீங்கு வருமா என்று பார்க்கவேண்டும் என்றது. ஆம், கோடு இப்போது பூமிக்கடியிலும் வரையப்பட்டது.

நம் நாட்டு ஊற்றுகள்

யெல்லோஸ்டோன் போன்ற ஊற்றுக் கூட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். தாமஸ் ஓல்டாம் என்னும் நிலவியலார் தொகுத்த முந்நூறு ஊற்றுகளின் பட்டியல் 1882-இல் வெளிவந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பூகாவில் துளையிட்டது. துளைகளிலிருந்து வெந்நீரும் ஆவியும் சீறி வந்தன. 2021 பிப்ரவரியில் அங்கே முன்னோடி மின்நிலையம் அமைக்க உடன்பாடு கையெழுத்தாயிற்று. டீசல் எரித்துக் குளிர்காயும் லடாக்குக்குப் புகையில்லா மின்சாரம் தேவைதான். அதே பள்ளத்தாக்கு சாங்பா இடையர்களின் மேய்ச்சல் நிலம். கருங்கழுத்துக் கொக்குகள் வாழும் ஈரநிலம். எடுக்கும் நீரைத் திரும்ப உள்ளே செலுத்துவார்களா, ஊற்றுகளின் வெப்பத்தையும் மட்டத்தையும் முதலிலிருந்தே அளந்துவருவார்களா என்பவைதாம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

பாலாறு அறிந்த விடை

இக்கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு மணலுக்கடியில் ஓடுகிறது. வாணியம்பாடி முதல் வேலூர் வரை டேனரிகளின் உப்பும் குரோமும் கலந்த கழிவுநீர் பல்லாண்டுகள் நிலத்தில் இறங்கியது. ஓரிடத்தில் விட்ட நீர், தொலைவிலிருந்த உழவரின் கிணற்றில் உப்பாக எழுந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழ்பட்டதாக அதில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும், தீங்கு முழுதும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும் என்னும் கோட்பாடுகள் இந்நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

வைராக்கெயில் எடுத்ததால் கேடு. பாலாற்றில் விட்டதால் கேடு. விதி ஒன்றுதான். நிலத்தின் மேல் வேலி போடலாம். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் துளை, மற்றவர் ஊற்று. ஒருவர் கழிவு, மற்றவர் கிணறு.

மாணவருக்கு இப்படித்தான் பதில் எழுதினேன்: "மின்சாரம் எடுக்கலாம் என்று மகன் சொன்னது தவறில்லை, ஆனால் எங்கே எடுக்கிறோம், அதனால் எங்கே வற்றும் என்று அறிந்தபிறகே எடுக்கவேண்டும். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அவனைப் பாலாற்று மணலில் நடத்திச் சென்று, அருகிலுள்ள கிணற்று நீரில் ஒரு சொட்டு நாவில் வைக்கச் சொல்லுங்கள். மீதி விடையை அது சொல்லும்."